எக்ஸ்ட்ரா அக்காவும் காணாமல் போன ஒரு சாக்குத் துணியும்

திரைச்சீலையா? எந்தத் திரைச்சீலை? எக்ஸ்ட்ரா அக்கா வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா, இல்லை வாய் சும்மா இருக்கிறதே என்று பேசுகிறீர்களா? அந்த வீட்டில் இருப்பதே இரண்டு ஜன்னல். ஒன்றில் பழைய போர்வையைக் கிழித்து ஆணியில் மாட்டியிருக்கிறது. இன்னொன்றில் அதுகூட இல்லை, செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு கைக்குட்டை அளவு துணியாவது அங்கே யார் கண்ணிலாவது பட்டதா? படவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரி மட்டும் பார்த்தாளாம். திரைச்சீலையாம், தலையணை உறையாம், வண்டிக்கு மூடாப்பாம். தன் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவது அவளுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு அலமாரிக்குள் என்ன மடித்து வைத்திருக்கிறது என்பது மட்டும் வரிசையாகத் தெரியும்.

"அவளே தன் வாயால ஒத்துக்கிட்டாளே" என்கிறார்கள். ஆமாம், ஒத்துக்கொண்டாள். பன்னிரண்டு தையல் மெஷின்காரிகளுக்கு முன்னால், முதலாளியின் முகத்துக்கு நேராக, எடுத்தது நான்தான் என்று சொன்னாள். காகிதத்தில் கையெழுத்தும் போட்டாள். அதை இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஒருத்தி திருடினேன் என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுவதா? அதே வாய்தானே போன மாதம் எதிர்வீட்டுக்காரியிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றது. அதை யாராவது நம்பினீர்களா?

நடந்தது என்ன என்று முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் திருடி என்பதா வேறு ஏதாவது சொல்வதா என்று முடிவு செய்யுங்கள். சொன்னவர் அவள் வேலை பார்த்த பட்டறையிலேயே துணி தேய்க்கிற இஸ்திரிக்காரர். கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். பாதி நாள் பேசவே மாட்டார்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் கூப்பிடுவதில்லை. எக்ஸ்ட்ரா அக்கா என்றால்தான் தெரியும். சும்மா வந்த பட்டம் இல்லை, உழைத்துச் சம்பாதித்தது. "மணி என்னக்கா?" என்று கேட்டால் பத்து என்று சொல்லிவிட்டு நிறுத்தமாட்டாள். நேற்று இந்நேரம் மழை பெய்ததையும், தன் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுவதையும், அதை வாங்கிய கடைக்காரனுக்கு இப்போது மூட்டுவலி என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் எல்லாரும் நாலு ஆரஞ்சு கொண்டுபோவார்கள். அவள் பத்து கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்து நோயாளிக்கு இரண்டு, தனக்கு மூன்று, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்று என்று உரித்துக்கொண்டிருப்பாள். நர்ஸ் வந்து துரத்தினால் நர்ஸுக்கும் ஒரு சுளை.

அந்தச் சொல்லை ஆளுக்கு ஓர் அர்த்தத்தில் வைத்திருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? பஸ் கண்டக்டருக்கு எக்ஸ்ட்ரா என்றால் படியில் தொங்குகிறவன். டாக்டருக்கு இடுப்பைச் சுற்றிய சதை. டீக்கடைக்காரருக்குக் கேட்டு வாங்கும் சர்க்கரை. எதிர்வீட்டுக்காரிக்கு, அடுத்தவள் பூசிக்கொண்ட உதட்டுச்சாயம். எக்ஸ்ட்ரா அக்காவின் வீட்டுக்காரருக்கு, தான் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பதிலாக வந்து விழும் பதினோரு வார்த்தை. அவர் வண்டி ரிப்பேர் பார்க்கிறவர். எஞ்சினைக் கழற்றினால் அவர் மாட்டி முடிக்கும்போது எப்போதும் இரண்டு நட்டு மிஞ்சும். "அது எக்ஸ்ட்ரா, கம்பெனிக்காரன் தெரியாம வச்சுட்டான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் ரிப்பேர் பார்த்த வண்டியில் அவர் ஏறமாட்டார்.

நமக்கென்ன சொல்லுக்குப் பஞ்சமா? கூடுதல் இருக்கிறது. மிச்சம் இருக்கிறது. மீதி, உபரி, அதிகப்படி, அதிகப்பிரசங்கித்தனம், எல்லாம் இருக்கிறது. மிச்சம் என்றால் சமர்த்து. மீதி என்றால் நாளைக்கு ஆகும். அதிகப்பிரசங்கி என்றால் வாயை மூடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. இத்தனை பேரையும் எழுப்பிவிட்டு அந்த ஒற்றை இங்கிலீஷ் சொல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இப்போது யாராவது "நீ எக்ஸ்ட்ரா" என்றால் புகழ்கிறானா திட்டுகிறானா என்று மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாளிக்கு அந்தச் சொல் இரண்டு விதம். வேலை எக்ஸ்ட்ரா என்றால் பல்லெல்லாம் தெரியும். துணி எக்ஸ்ட்ரா என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிற பட்டறை அது. கீழே கடை, மாடியில் மெஷின்கள். அவர் கீழே ஒரு மேஜை விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாடி ஏறுவார். முட்டிச் சத்தம் முதலில் வரும், முதலாளி பின்னால் வருவார். அதற்குள் மெஷின்காரிகள் பேச்சை மடித்து வைத்துவிடுவார்கள்.

எக்ஸ்ட்ரா அக்கா அங்கே போய்ச் சேர்ந்தது மகளுக்காக. இது எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் நாசம் செய்திருப்பாள். மகள் அப்போது ஆறாவது படித்தாள். வளர்கிற வயசு. வருஷ ஆரம்பத்தில் வாங்கிய, அந்தப் பட்டறையில் தைத்த பேண்ட் பாதி வருஷத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். அடிப்பக்கம் பிரித்து இறக்கிவிடலாம் என்று எக்ஸ்ட்ரா அக்கா கத்தரியும் கையுமாக உட்கார்ந்தாள். தையலைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. நகக்கண் அளவு மடிப்பு, அவ்வளவுதான். இறக்குவதற்குத் துணி வேண்டாமா? உடனே புதுசு வாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு மகளின் நடையே மாறிவிட்டது. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உட்காரப்போகிறவள் மாதிரி நடப்பாள். அப்படி நடந்தால் பேண்ட் கொஞ்சம் நீளமாகத் தெரியுமாம். மீதி வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்தாள். வழியில் பார்த்த டாக்டர் ஒருத்தர், "இந்தப் பொண்ணுக்குக் கால்ல ஏதும் கோளாறா?" என்று கேட்டார். "காலு நல்லா இருக்கு, பேண்டுக்குத்தான் கோளாறு" என்றாள் எக்ஸ்ட்ரா அக்கா. சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த மாதமே அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சில வருஷம் பட்டனுக்கு ஓட்டை போடுகிற காஜா மெஷினில் இருந்தாள். துணி வெட்டுகிற மாஸ்டருக்குக் கண்ணில் புரை விழுந்து அவர் நின்றுவிட்டதும், வேறு ஆள் தேடச் சோம்பல்பட்டு முதலாளி அவளை வெட்டு மேஜையில் நிறுத்தினார். "ஒரு இன்ச் எக்ஸ்ட்ரா போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லித்தான் கத்தரியைக் கையில் கொடுத்தார்.

வெட்டுகிற விதம் இப்படி. துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரிக்க வேண்டும். அளவு அட்டைகளை அதன்மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்ட வேண்டும். பேண்டின் கால் அட்டை மேலே அகலமாக, கீழே குறுகலாக இருக்கும். பழைய மாஸ்டர் எல்லா அட்டையையும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்கவைப்பார். குறுகலான பக்கத்தில் அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே துணி வீணாகும். அது சாக்குக்குப் போகும். எக்ஸ்ட்ரா அக்கா ஒன்றைத் தலை மேலாக, அடுத்ததைத் தலைகீழாக வைத்தாள். சின்ன இடத்தில் ரெண்டு பேர் படுத்தால் எப்படிப் படுப்போம், அந்த மாதிரி. நடுவே கிடந்த சந்துகளில் பாக்கெட் துண்டு, இடுப்புப் பட்டை எல்லாம் சொருகினாள். ஒரு சுருளில் நாற்பது பேண்ட் வந்த இடத்தில் நாற்பத்திரண்டு வந்தது.

சந்தோஷமாகக் கீழே இறங்கிப்போய்ச் சொன்னாள். பைத்தியக்காரி. முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, இனிமே ஒரு சுருளுக்கு நாப்பத்திரெண்டு" என்றார். விசிறிகூட அவள் பக்கம் ஒரு தடவை திரும்பவில்லை.

அதற்குப் பிறகும் அவள் மூளை சும்மா இருக்கவில்லை. அட்டைகளை நகர்த்தி நகர்த்தி இன்னும் கொஞ்சம் துணி மிச்சம் பிடித்தாள். ஆனால் இந்தத் தடவை கீழே இறங்கிப்போய்ச் சொல்லவில்லை. அந்த மிச்சத்தைக் கால்களின் அடியில் சேர்த்தாள். சாக்பீஸால் அட்டைக்குக் கீழே மூன்று விரல் தள்ளிக் கோடு போட்டு வெட்டினாள். மடிக்கிற மெஷின்காரியிடம், "மூணு விரல் உள்ள மடிச்சு அடி, ஆர்டர் அப்படி" என்றாள். ஆர்டர் அப்படி என்றால் அங்கே மறுகேள்வி கிடையாது. வெளியே அளந்து பார்த்தால் நீளம் சரியாக இருக்கும். உள்ளே ஒரு வருஷ வளர்த்தி மடிந்து கிடக்கும். தாய்க்காரி பிரித்து இறக்கிக்கொண்டால் பிள்ளை நிமிர்ந்து நடக்கும்.

துணி முதலாளியுடையது, நியாயமா என்று கேட்பீர்கள். சுருளுக்கு நாற்பத்திரண்டு கேட்டார், நாற்பத்திரண்டு கொடுத்தாள். சாக்குக்குப் போக வேண்டிய குப்பை காலுக்குப் போனது. இதில் என்ன திருட்டு?

முதல் வருஷம் சின்ன வகுப்பு அளவுகளுக்கு மட்டும் செய்தாள். யாருக்கும் தெரியவில்லை. பாதி வருஷத்தில் வழக்கமாக இரண்டாவது பேண்ட் வாங்க வருகிற தாய்மார்கள் கொஞ்சம் பேர் வரவில்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கவலைப்பட்டார். "இப்பல்லாம் பிள்ளைங்க வளர்றதே இல்ல. சாப்பாடு சரியில்ல" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

இரண்டாம் வருஷம் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. எதிலும் அளவோடு நிற்கத் தெரியாதவள் இதில் மட்டும் நிற்பாளா? எல்லா அளவுக்கும் செய்தாள். அறுநூறு பேண்ட். இடுப்பிலும் பின்பக்கத் தையலில் ஒரு விரல் சேர்த்துவிட்டாள், குண்டாகிற பிள்ளைகளையும் மறக்கக் கூடாது பாருங்கள்.

இஸ்திரிக்காரருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பெட்டியை வைத்தவுடனே கைக்குத் தெரியாதா? அடிப்பக்கம் தடிப்பாக இருந்தது. அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். தண்ணீரை இரண்டு சொட்டு அதிகமாகத் தெளித்து, மடிப்பைத் தட்டையாக அழுத்தித் தேய்த்தார். அறுநூறையும் அப்படித்தான் தேய்த்தார்.

வினை எங்கிருந்து வந்தது என்றால், சாக்கிலிருந்து வந்தது. வேஸ்ட் துணிக்காரர் ஒருத்தர் மாதம் ஒரு தடவை தராசோடு வருவார். வெட்டி விழுந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார், மெத்தையில் திணிக்க. அந்த மாதம் சாக்கைத் தூக்கியவர் சிரித்துவிட்டார்.

"என்ன முதலாளி, போன வருஷம் இதைத் தூக்க என் மச்சானையும் கூட்டிட்டு வருவேன். இப்ப குழந்தையைத் தூக்கற மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். முதலாளிக்கு அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சாக்குத் துணி குறைகிறது. துணிக்குக் கால் முளைத்து நடந்து போகுமா? யாரோ எடுத்திருக்கிறார்கள். இதற்குமேல் அவர் மூளை ஓடவில்லை. குப்பை குறைந்ததற்கு வெட்டுகிறவளைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்திருக்க வேண்டிய மனுஷன், குப்பையைத் திருடியது யார் என்று தேட ஆரம்பித்தார். தைத்து அடுக்கியிருந்த ஒரு பேண்டை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பேண்டுக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து வாசலில் பை சோதனை. அவரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தி பையையும் கொட்டச் சொன்னார். சீப்பு, சாப்பாட்டு டப்பா, தலைவலி மாத்திரை, பாதி தின்ற பிஸ்கட் என்று பன்னிரண்டு பேருடைய வாழ்க்கையும் மேஜையில் விழுந்தது. வியாழக்கிழமை மத்தியானம், டீ குடிக்க வெளியே போகும்போது, பட்டன் தைக்கிறவளின் பையிலிருந்து சாம்பல் நிறத் துண்டுகள் விழுந்தன.

பட்டன்காரிக்கு வயிற்றில் ஆறு மாதம். இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய், மேலே போட்டுக்கொள்ள ஒரு சின்ன மெத்தை தைக்கலாம் என்று கீழே கிடந்ததைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஒரு பூனை படுக்கக்கூடப் பத்தாது. அதைப் பார்த்ததும் முதலாளி, காணாமல் போன ஒரு சாக்குத் துணியும் அவள் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்கிற மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா?"

"இல்லீங்க, இது மட்டும்தான். கீழ கெடந்துச்சு."

"கீழ கெடந்தா உன்னுதா? சாயங்காலம் வண்டி போகட்டும். உனக்கு அப்புறம் இருக்கு. இந்தத் தெருவுல இன்னும் மூணு பட்டறை இருக்கு, மூணு பேருக்கும் சொல்லிடறேன். யாரு உன்னை உள்ள விடறாங்கன்னு பாக்கறேன்."

பட்டன்காரி அழவில்லை. திரும்பிப்போய் அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். நூல் ஊசிக்காதுக்குள் போகவில்லை. திரும்பத் திரும்ப எச்சில் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

எக்ஸ்ட்ரா அக்கா வெட்டு மேஜையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரியை வைத்துவிட்டு இஸ்திரி மேஜைக்குப் போனாள். அங்கே அறுநூறு பேண்டும் மூட்டை மூட்டையாகக் கட்டி, சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தயாராக இருந்தன.

இஸ்திரிக்காரர்தான் முதலில் பேசினார். அதுவே பெரிய விஷயம்.

"சொல்லிடுங்கக்கா. துணி எங்க போச்சுன்னு சொல்லிடுங்க. பாவம் அந்தத் தங்கச்சி."

"சொன்னா?"

"திட்டுவாரு. அவ்வளவுதானே."

"அவ்வளவுதானா? போன வருஷம் பாக்கெட்டு நாலு விரல் ஆழமா போச்சுன்னு எண்பது பேண்டைப் பிரிக்க வச்சாரே, மறந்துட்டீங்களா? தைச்சு முடிச்ச பேண்டு. அந்த நாலு விரலை வெட்டி என்ன பண்ணாரு? சாக்குல போட்டாரு."

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"இதையும் பிரிப்பாரு" என்றாள் அவள். "அறுநூறையும் பிரிச்சு, மூணு விரலை வெட்டி, மறுபடி தைக்கச் சொல்லுவாரு. பன்னெண்டு பேரும் நாலு நாள் உக்காந்து நான் வச்ச துணியை வெட்டிக் குப்பையில போடணும்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

கீழே வண்டிச் சத்தம் கேட்டது, பள்ளிக்கூடத்துக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டி. அவள் மூட்டைகளைப் பார்த்தாள். முப்பது வருஷம் அந்தத் தெருவில் குடியிருந்து யாரிடமும் ஒரு சொல் வாங்காதவள். வாய் நீளம் என்பார்கள், கை நீளம் என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அதைவிடப் பெரிய கர்வம் அந்த வெட்டு. அந்தத் தெருவில் நாலு பட்டறையிலும் இப்படி அட்டை அடுக்கத் தெரிந்த ஆள் கிடையாது. அதையும் வெளியே சொல்ல முடியாமல் போகிறதே என்றுதான் அவளுக்கு அந்த நேரத்தில் வயிறு எரிந்தது. அவள் ஒன்றும் சாமியார் இல்லை.

முட்டிச் சத்தம் படியேறி வந்தது. பின்னால் முதலாளி வந்தார். கையில் ஒரு காகிதம், எழுதிக்கொண்டே வந்திருந்தார். நேராகப் பட்டன்காரியிடம் போனார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"அவ எதுக்குப் போடணும்?" என்றாள் எக்ஸ்ட்ரா அக்கா. "எடுத்தது நான்."

பன்னிரண்டு மெஷினும் நின்றன. முதலாளி திரும்பினார்.

"என்ன சொன்னே?"

"ஒரு சாக்குத் துணி காணோம்னீங்கள்ல? நான்தான் எடுத்தேன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பட்டம் சும்மாவா கொடுத்தார்கள்? பொய் சொல்வது என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் சொல்வதா? அவளுக்கு அது கை வேலை மாதிரி, ஓரம் பிசிறில்லாமல் முடிக்க வேண்டும்.

"எப்ப எடுத்தே?"

"ரெண்டு வருஷமா எடுக்கறேன். ஒரு சாக்கு இல்ல, ரெண்டு சாக்கு."

"குறைஞ்சது ஒரு சாக்குதானே?"

"அந்த வேஸ்ட் துணிக்காரரு தராசைக் கொஞ்சம் பாருங்க. அது அப்பவே சரியில்ல."

"எப்படி எடுத்துட்டுப் போனே? நான் கீழதானே உக்காந்திருக்கேன்."

"நீங்க விசிறிக்கு மூஞ்சியைக் குடுத்துட்டு உக்காந்திருப்பீங்க. உங்க முதுகுக்குப் பின்னால ஆனையே போகலாம்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"ரெண்டு சாக்குத் துணியை வச்சு என்னடி பண்ணினே?"

"திரைச்சீலை தைச்சேன். எல்லா ஜன்னலுக்கும். அப்புறம் தலகாணி உறை, ஆறு. எங்க வீட்டுக்காரரு வண்டிக்கு ஒரு மூடாப்பு. மிச்சத்துல மிதியடி."

இந்தப் பட்டியல்தான் தெருவெல்லாம் சுற்றி எதிர்வீட்டுக்காரி வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது, புரிகிறதா? அவள் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. எக்ஸ்ட்ரா அக்கா வெட்டித் தைத்துக் கொடுத்த பொய்யைத்தான் அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறாள். அளவும் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

முதலாளி விடவில்லை. "பெரிய கத்தரி ஒண்ணு ரெண்டு வாரமா காணோம். அதுவும் நீதானா?"

"அதுவும் நான்தான்."

"அக்கா" என்று பட்டன்காரி மெல்ல வாயைத் திறந்தாள். "அந்தக் கத்தரி இங்க, என் ஸ்டூலுக்குப் பின்னாலதான் விழுந்து..."

"வாயை மூடு. பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே" என்றாள் எக்ஸ்ட்ரா அக்கா. "நான் எடுத்ததை நான் சொல்றேன். நீ பொறுக்கினது ஒரு பிடி துணி. அதுவும் நான் கீழ போட்டது. இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தைச்சுப் போடுங்க. மாசமா இருக்கறவளை இரும்புல உக்கார வச்சுட்டு, சாக்குக்கு எடை பாக்கறீங்க."

முதலாளிக்குத் திருடி கிடைத்துவிட்ட நிம்மதி ஒரு பக்கம், அந்தத் திருடியே தனக்குப் புத்தி சொல்கிறாளே என்கிற எரிச்சல் ஒரு பக்கம். பட்டன்காரிக்கென்று எழுதி வந்த பெயரை அடித்துவிட்டு எக்ஸ்ட்ரா அக்காவின் பெயரை எழுதினார். அவள் அதை வாங்கி வாசித்தாள்.

"ஒரு சாக்குன்னு போட்டிருக்கு."

"இருக்கட்டும்."

"சரி, உங்க இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் பேனாவை இரண்டு தடவை உதறினாள் என்று இஸ்திரிக்காரர் சொன்னார். பேனா சரியில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாளாம்.

கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டி வெட்டு மேஜையில் வைத்தாள். பையைத் தானே தலைகீழாகக் கொட்டிக் காட்டினாள். ஒரு டப்பா, ஒரு குடை, கண்ணாடிக் கூடு. அள்ளிப் போட்டுக்கொண்டாள். மெஷின்காரிகள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் நம்பிவிட்டார்கள். நேற்றுவரை அவள் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள் ஒருத்தி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை எக்ஸ்ட்ரா அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, "உன் மெஷினுக்கு எண்ணெய் விடு, கத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

கீழே கடை வாசலில் வண்டி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. சுமை ஏற்றுகிறவர் மூட்டைகளை மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். முதலாளியும் பின்னாலேயே இறங்கி வந்து விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு மூட்டை வண்டிக்குள் போயிருக்கும். மூன்றாவதை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுச் சுமைக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, போன வருஷம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஏத்தினேன். இந்த வருஷம் பேண்டுக்குள்ள பிள்ளைங்களையும் வச்சுக் கட்டிட்டீங்களா? இவ்வளவு கனமா இருக்கு."

முதலாளியின் தலை விசிறியிலிருந்து திரும்பியது. "என்னது? கனமா இருக்கா?"

எக்ஸ்ட்ரா அக்கா கடைசிப் படியில் நின்றாள். நேராக வெளியே போயிருந்தால் போயிருக்கலாம். வேலை போனது, பெயரும் போனது, இனி அவளுக்கு அங்கே என்ன இருக்கிறது? முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். எழுந்துவிட்டார்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"கனமாவது ஒண்ணாவது. உங்களுக்கு வயசாகிடுச்சு, அதைச் சொல்லக் கூச்சமா இருக்குன்னு மூட்டை மேல பழி போடறீங்க" என்றாள் சுமைக்காரரிடம். "அந்தப் பக்கம் தள்ளுங்க. நான் ஏத்தித் தரேன். பொம்பளை ஏத்தினான்னு வெளியில சொல்லமாட்டேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். உண்மையாகவே கனம்தான். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சுமைக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. அவள் கையிலிருந்து மூட்டையைப் பிடுங்கித் தோளில் போட்டார். அடுத்த நடையில் இரண்டு மூட்டையாகத் தூக்கினார். அவர் முகம் என்னவோ போல இருந்தது, ஆனால் கனம் என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "திருடிக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? கிளம்பு" என்றார். மறுபடி உட்கார்ந்து விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் உடனே கிளம்பவில்லை. செருப்பின் வாரை அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். பைக்குள் எதையோ தேடினாள். மாடிப்படியில் இஸ்திரிக்காரர் வந்து நின்றார், கடைசி மூட்டையோடு. அதை அவரே கொண்டுபோய் வண்டிக்குள் வைத்தார். சுமைக்காரர் பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

அறுநூறு பேண்டும் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகு, எக்ஸ்ட்ரா அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.